மேற்குமலையடிச் சீமை: தளவாய்புரத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

திருநெல்வேலிச் சீமையைப் பற்றி ஆங்கிலேய அதிகாரிகள் எழுதி வைத்த இரண்டு பெரும் புஸ்தகங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஒரு விசித்திரம் புலப்படும். 1879-இல் ஸ்டூவர்ட் தொகுத்த ஜில்லா மானுவலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா இடம்பெற்றிருக்கிறது. 1917-இல் பேட் எழுதிய கெஸட்டியரிலோ எட்டுத் தாலுகாக்கள் ஒவ்வொன்றாக விவரிக்கப்பட்டிருக்க, இந்தத் தாலுகாவின் பெயர் அந்த வரிசையில் இல்லை. மலையும் ஆறும் கண்மாயும் கோபுரமும் இருந்த இடத்திலேயே இருந்தன; இடையில் 1910-இல், மதுரை, திருநெல்வேலி என்னும் இரண்டு ஜில்லாக்களிலிருந்தும் பகுதிகளை அறுத்தெடுத்து இராமநாதபுரம் என்றொரு புது ஜில்லாவைச் சர்க்கார் அமைத்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அதனோடு சேர்க்கப்பட்டுவிட்டன என்பதே இதன் காரணம். ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் ஜில்லாவின் எல்லையை முதலில் வரைந்துகொண்டு அதற்குள் விஷயங்களை நிரப்புவது வழக்கம். ஆனால் நூறாண்டுக்குள் எல்லையே பல தடவை மாறிப்போன ஒரு பிரதேசத்துக்கு அந்த முறை பொருந்தாது. தண்ணீர் ஓடும் வழியையும், ஜீவனம் தேடி ஜனங்கள் வந்த வழியையும் பின்பற்றிச் செல்வதே தக்கது என்பது என் கருத்து. அதற்கு உரைகல்லாக, இராஜபாளையத்துக்குத் தெற்கே சேத்தூருக்கு அணித்தே கிடக்கும் தளவாய்புரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தளவாய்புரம் தனித்து நிற்கும் ஊர் அன்று. செட்டியார்பட்டி, முகவூர், முத்துச்சாமிபுரம் என்பவற்றோடு சேர்ந்து, ஓர் ஊரின் கடைசி வீடு எது, அடுத்த ஊரின் முதல் வீடு எது என்று வெளியூர்க்காரர் எளிதில் சொல்ல முடியாதபடி பின்னிக் கிடப்பது. தளவாய் என்னும் சொல் சேனாதிபதியைக் குறிப்பது. மதுரை நாயக்கர் ஆட்சியில் அது மன்னனுக்கு அடுத்தபடியான பெரும் பதவியின் பெயராகவும் விளங்கிற்று. விசுவநாத நாயக்கரின் தளவாயாகிய அரியநாத முதலியார் தென்னாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தார் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதும் அந்தப் பதினாறாம் நூற்றாண்டு முதற்கொண்டு, பதவிப் பெயர்கள் ஊர்ப்பெயர்களாக மாறுவது தென்பாண்டி நாட்டில் சாதாரணமாயிற்று. பாளையம், கோட்டை, புரம், பட்டி என்று முடியும் பெயர்களை இராஜபாளையத்திலிருந்து தெற்கே செல்லும் சாலையில் எண்ணிக்கொண்டே போனால், அந்த ஆட்சியின் நிர்வாக முறை முழுவதும் மைல்கற்களில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

இனி நிலத்தைப் பார்ப்போம். இந்தச் சீமையின் மேற்கு எல்லையாக மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எழுப்பியதுபோல் நிற்கிறது. அதன் சிகரங்கள் சில ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் வரை எழுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கை மலையின் அப்புறமே வாங்கிக்கொள்கிறது. சிவகிரி மலைகளில் தோன்றும் பெரியாறு, இந்த ஊர்களின் முதுகுப்புறத்தில், கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அண்மையில் பிறந்தும், வடக்கும் மேற்குமாக ஓடி அரபிக்கடலையே நாடுகிறது. 1895-இல் முல்லைப்பெரியாற்று அணை கட்டி அந்நீரைக் கிழக்கே திருப்பியபோதும், அது வைகைக்குச் சென்று மதுரைச் சீமையை வளமாக்கிற்றேயன்றி இப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மலையின் அப்புறம் பாயும் நீரை இப்புறம் கொணர வேண்டும் என்னும் ஆசை இங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது வியப்பன்று. சிவகிரிக்கு மேலே மலையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உடைந்தே கிடக்கும் செண்பகவல்லி அணையைச் செப்பனிட வேண்டும் என்ற கோரிக்கையும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் ஓயாமல் எழுப்பும் அழகர் அணைத் திட்டமும் அந்த ஆசையின் இரண்டு உருவங்களே. தேர்தல் காலங்களில் இவ்விரண்டு பெயர்களும் தவறாமல் உச்சரிக்கப்படுகின்றன என்பதைமட்டும் இங்கே குறித்து மேலே செல்கிறேன்.

மழை மறைவுப் பிரதேசமாகிய இந்நாட்டுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ எண்பது சென்டிமீட்டர் மழை. அதிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீசும் வடகிழக்குப் பருவமே பிரதானம். மலையடிவாரத்து ஊர்களுக்கு மட்டும் ஆனி, ஆடியில் சாரலின் ஓரம் சற்றே படும். இந்தக் கொஞ்ச மழையைக் கொண்டு நஞ்சை விளைவித்ததுதான் முன்னோர் செய்த பெருங்காரியம். அய்யனார் கோவிலுக்கு மேலிருந்து இறங்கி இராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் முடங்கியாறு, தேவியாறு, தேவதானத்து மேற்கே சாஸ்தா கோவில் நீர்த்தேக்கம் கட்டப்பட்டிருக்கும் நகரியாறு, வடக்கே பிளவக்கல் அணைகளின் வழியே வத்திராயிருப்பை வளப்படுத்தும் ஓடைகள் எல்லாம் வருஷத்தில் சில வாரங்களே பெருகி ஓடுபவை. கடைசியில் வைப்பாற்றில் கலந்து மன்னார் வளைகுடாவைச் சேர்பவை. மலையிலிருந்து இறங்கும் அந்தச் சில வார வெள்ளத்தை, ஒன்றன் மறுகால் அடுத்ததற்கு வரத்தாகும்படி, படிப்படியாகச் சரிந்து செல்லும் கண்மாய்ச் சங்கிலிகளில் பிடித்து நிறுத்தினார்கள். மேலேயுள்ள கண்மாய் மறுகால் பாய்ந்துவிட்டது என்ற செய்தி கீழேயுள்ள ஊருக்கு எட்டும்போது அங்கே உண்டாகும் மகிழ்ச்சிக்கு நகரத்தில் ஈடு கிடையாது. மடையைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும், கடைமடை வயலுக்கும் முறை தவறாமல் தண்ணீர் காட்டுவதற்கும் மடைக்குடும்பன் என்று ஒருவர் பொறுப்பேற்று, அறுவடையில் நெல்லாகக் கூலி பெற்று வந்த ஏற்பாடு, பொதுப்பணித் துறை வருவதற்கு எத்தனையோ காலம் முன்னரே இங்கு வேரூன்றியிருந்தது.

ஒரு சிறு விஷயம். மதுரை, இராமநாதபுரம் பக்கத்தார் ஏரியைக் கண்மாய் என்பர். திருநெல்வேலியார் குளம் என்பர். தளவாய்புரத்துச் சுற்றுவட்டாரம் கண்மாய் என்னும் சொல்லையே பெரிதும் வழங்குகிறது. ஆனால் தேவதானத்தைத் தாண்டிச் சிவகிரி வழியே தெற்கே செல்லச் செல்ல அச்சொல் மெல்லத் தேய்ந்து குளம் தலையெடுக்கிறது. சர்வே இலாகா கல் நாட்டி வகுத்த எல்லைக்கும் சொற்கள் தாமே வகுத்துக்கொண்ட எல்லைக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை யாரேனும் ஓர் இளைஞர் ஊர் ஊராக நடந்து ஆராய்ந்தால் நல்ல நூலொன்று கிடைக்கும்.

மலையை ஒட்டிய நிலம் செம்மண். அங்கே மாவும் தென்னையும் செழிக்கின்றன. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இராஜபாளையத்து மாம்பழங்களின் பெயரைக் கேட்டாலே வைகாசி மாதம் நினைவுக்கு வரும். கிழக்கே போகப் போக மண் கறுத்து, சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் வானம்பார்த்த கரிசலாக மாறுகிறது. நீருள்ள மேற்குக்கும் நீரற்ற கிழக்குக்கும் உள்ள இந்தப் பேதமே பிற்காலத்துத் தொழில்களின் பேதத்துக்கும் அடிப்படையாயிற்று. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் நிறுவினார்கள்; வறண்ட காற்று அத்தொழிலுக்கு அனுகூலமாயிற்று, மழை பொய்த்த வயலில் வேலையற்றிருந்த கைகளும் அதற்குக் கிடைத்தன. மேற்கோ பருத்தியோடும் நூலோடும் தன் வாழ்வைப் பிணைத்துக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்கும் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள், எஸ்.வி.பி.ஆர். என்ற அடைமொழியோடு இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாட்டு உழவர்களிடையே பரப்பியிருக்கின்றன.

மலைமேல் வாழ்வோரை மறந்துவிடலாகாது. அய்யனார் கோவில், செண்பகத்தோப்பு ஆகிய இடங்களைச் சார்ந்து பளியர் என்னும் பழங்குடியினர் தேனும் கிழங்கும் கடுக்காயும் சேகரித்து வாழ்ந்துவந்தனர். 1988-இல் சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 485 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் எல்லை வகுத்த சட்டத்தில், அவற்றுக்கு முன்பே அங்கே குடியிருந்த மனிதர் எத்தனை தூரம் இடம்பெற்றனர் என்பது தனியே விசாரிக்க வேண்டிய விஷயம்.

சரித்திரத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரின் பழமை பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தலம் என்பதனால் யாவருக்கும் தெரிந்தது. பதினொரு நிலைக் கோபுரமும், ஆடிப்பூரத் தேரும், திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையும் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். கோவிலின் புகழில், அதே சாலையில் சில மைல் தெற்கேயிருந்த பாளையங்களின் கதை மங்கிப்போயிற்று. சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, தலைவன்கோட்டை, நெற்கட்டுஞ்செவல் எனும் இவை மேற்குப் பாளையங்கள். மலையின் காடே இவற்றுக்கு இயற்கையரணாக விளங்கிற்று. ஆர்க்காட்டு நவாபின் பெயரால் வரி கேட்டுப் படை வந்தபோது, 1755-இல் கர்னல் ஹெரானை எதிர்த்த நெற்கட்டுஞ்செவல் பாளையக்காரர் பூலித்தேவரோடு இவற்றிற் பல அணி சேர்ந்தன. 1761-இல் கம்பெனிப் படைத்தலைவன் யூசுப்கான் நெற்கட்டுஞ்செவலை வென்றான். அப்படியும் அமைதி ஏற்படாமல், 1767-இல் டொனால்டு காம்பெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை கொல்லங்கொண்டான், சேத்தூர், வாசுதேவநல்லூர் ஆகிய மண்கோட்டைகளை ஒவ்வொன்றாகத் தாக்க வேண்டியிருந்தது. பீரங்கிக் குண்டு பட்டால் கல் உடையும். நன்றாகப் பிசைந்து கட்டிய மண்சுவரோ குண்டை விழுங்கிக்கொள்ளும். அந்தச் சுவர்களின் உறுதியைத் தாக்க வந்த அதிகாரிகளே வியந்து எழுதியிருக்கின்றனர். இன்று அவற்றில் எஞ்சியிருப்பவை மேடுகளே.

1801-இல் கர்நாடகம் முழுதும் கம்பெனியின் வசமானபின், 1803-இல் நிரந்தர ஜமீன் ஏற்பாடு வந்தது. வாளேந்திய பாளையக்காரர்கள் கிஸ்தி கட்டும் ஜமீன்தார்களாயினர். சண்டையில்லாத அந்த நூற்றாண்டில் சேத்தூர் அரண்மனை தமிழுக்குப் புகலிடமாயிற்று. தளவாய்புரத்தை ஒட்டிய முகவூரில் தழைத்த கவிராயர் குடும்பம் இதற்குச் சான்று. முகவூர் இராமசாமிக் கவிராயரின் மக்களான சுப்பிரமணியக் கவிராயர், அருணாசலக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் மூவரும் தத்தம் பெயருக்கு முன்னே ‘மு. ரா.’ என்னும் எழுத்துக்களை ஊரையும் தந்தையையும் ஒருங்கே காட்டும் விருதுபோல் தாங்கினர். கந்தசாமிக் கவிராயர் தொகுத்த ‘தனிச்செய்யுட் சிந்தாமணி’, காற்றோடு போயிருக்கக்கூடிய நூற்றுக்கணக்கான தனிப்பாடல்களைக் காத்துத் தந்தது. தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் சேற்றூர் என்று இலக்கண சுத்தமாகவும், பஸ் நடத்துனர் சேத்தூர் என்று வாய்க்கு எளிதாகவும் சொல்வது ஒரே ஊரைத்தான். 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த அரண்மனைகளின் வருமானத்தை நிறுத்தியது. புலவர்க்கு வழங்கி வந்த ஆதரவும் அதனோடு நின்றது.

இராஜபாளையத்தின் வளர்ச்சி வேறு வகையானது. விஜயநகரத்துப் பின்னணியில் தெற்கே வந்து குடியேறித் தெலுங்கு பேசிய ராஜுக்கள் நிலமும் வியாபாரமும் பெருக்கினர். அவ்வூரில் தோன்றிய பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தார். 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில், அடுத்தடுத்து நூற்பாலைகள் எழுவதற்கு வழிகாட்டியது. 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டிருந்தமையால் பஞ்சும் நூலும் போக்குவரத்துக்குத் தவிக்கவில்லை. கிழக்கே சத்திரப்பட்டியில் தறிகள் காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணியை நெய்து நாடு முழுவதற்கும் அனுப்புகின்றன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொள்பவர் அந்தத் துணி எந்த ஊர்த் தறியில் பிறந்தது என்று கேட்பதில்லை.

இனி, தொடக்கத்திற் சொன்ன எல்லை விஷயத்தை முடித்துவிடலாம். 1910-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து இராமநாதபுரத்தோடு சேர்ந்த இந்த நாடு, 1985 மார்ச் 15-இல் அந்த ஜில்லா மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது காமராஜர் மாவட்டம் என்னும் பெயர் பெற்றது. தொண்ணூறுகளில் தென்மாவட்டங்களைக் கலக்கிய சாதிக் கலவரங்களின் விளைவாக, தலைவர்களின் பெயரை மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைக்கும் வழக்கத்தை 1997-இல் அரசு கைவிட்டமையால் அது விருதுநகர் மாவட்டமாயிற்று. பெயரிடும் வழக்கத்தையே நிறுத்த வேண்டிவந்தது என்பதிலிருந்து அக்கலவரங்களின் கொடுமையை ஊகிக்கலாம். அவற்றின் வடு இந்த வட்டாரத்திலும் உண்டு. பிறகு 2008-இல் பாராளுமன்றத் தொகுதிகளைத் திருத்தியமைத்தபோது இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி ஆகியவற்றோடு தென்காசித் தொகுதியில் வைக்கப்பட்டன. ஆக, வரிகட்டுவதற்கு விருதுநகர், வாக்களிப்பதற்குத் தென்காசி; நூறாண்டுக்கு முன் விட்டுப்போன திருநெல்வேலி உறவு வாக்குப்பெட்டியின் வழியே திரும்பி வந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும், தேவதானத்துக்குத் தெற்கேயுள்ள எல்லைப் பலகைகளில் திருநெல்வேலியின் பெயரும் மறைந்தது.

இத்தனை மாறுதல்களுக்கு இடையே ஜனத்தொகையை நூறாண்டுக்குத் தொடர்ச்சியாக ஒப்பிடுவது எளிதன்று. 1871 முதல் பத்தாண்டுக்கொரு முறை கணக்கு எடுக்கப்பட்டிருந்தும், ஒவ்வொரு கணக்கிலும் தாலுகாவின் விஸ்தீரணம் ஒன்றாயிருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகாவிலிருந்து இராஜபாளையம் பிரிந்தது, பின்னர் வத்திராயிருப்பும் பிரிந்தது. சமீபத்து எண்களையே நம்பிச் சொல்லலாம். 2001-இல் 17,51,301 ஆக இருந்த விருதுநகர் மாவட்டத்து ஜனத்தொகை 2011-இல் 19,42,288 ஆயிற்று. பெருக்கம் நூற்றுக்குப் பதினொன்று. அதே பத்தாண்டில் தமிழ்நாடு முழுவதும் பெருகியது நூற்றுக்குப் பதினைந்தரைக்கு மேல். ஆயிரம் ஆண்களுக்கு 1,007 பெண்கள் இருந்தனர். மாநிலச் சராசரியோ 996. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிறப்பு குறைந்தது ஒரு காரணம். திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஆண்கள் பிழைக்கப் போனது இன்னொன்று. இராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேரும் அவ்வாண்டு கணக்கிடப்பட்டனர். மாவட்டத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகரவாசிகள் என்று பதிவாயிற்று. ஆனால் ஒரு பேரூராட்சியின் கடைசித் தெருவில் கால் வைத்தால் அடுத்த அடி வயலில் விழும் இந்த நாட்டில், நகரவாசி கிராமவாசி என்ற பாகுபாட்டைக் கணக்கெடுப்பு இலாகா எத்தனை திடமாக நம்புகிறதோ அத்தனை திடமாக நான் நம்பவில்லை.

தளவாய்புரத்தின் இன்றைய தொழில் அந்த அவநம்பிக்கையை மேலும் வலுப்படுத்துகிறது. பெண்கள் வீட்டில் உடுத்தும் நைட்டி என்னும் ஆடையைத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்புவதில் இவ்வூர் பெயர் பெற்றது. உள்பாவாடை, சுடிதார் முதலியனவும் அதனோடு சேர்ந்தன. வடநாட்டில் அச்சிட்ட பருத்தித்துணி பேல் பேலாக வந்து இறங்கும். கட்டிங் மாஸ்டர் பல மடிப்புகளாகத் துணியை விரித்து, அளவுக் காகிதம் வைத்து, ஒரே வெட்டில் பல ஆடைகளுக்கான துண்டுகளை அறுத்தெடுப்பார். பிறகு துண்டுகள் கட்டுக்கட்டாகப் பிரிந்து, சில பட்டறைக்கும் பல வீடுகளுக்கும் போகும். கை இணைப்பவர் ஒருவர், ஓவர்லாக் அடிப்பவர் ஒருவர், கழுத்துக்குப் பூவேலைப் பட்டி வைப்பவர் ஒருவர், பிசிறு வெட்டுபவர் ஒருவர், இஸ்திரி போட்டு மடிப்பவர் ஒருவர் என்று ஓர் ஆடை பல கைகள் மாறிக் கடைக்குப் போகிறது. கூலி பீஸ் கணக்கில். காலை சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மெஷினில் உட்காரும் பெண் நடவு காலத்தில் வயலுக்கும் போவாள். நூறு நாள் வேலை நடந்தால் கண்மாய்க் கரைக்கும் போவாள். தீபாவளி, பொங்கல் நெருங்கினால் இரவெல்லாம் மெஷினிலேயே இருப்பாள். நெசவுத் தெருவில் பிற்பகலில் கேட்ட தறியோசை, இந்த ஊர்களில் பெரும்பாலும் தையல் இயந்திரத்தின் ஓசையாக மாறிவிட்டது.

கணக்கெடுப்பு அறிக்கையில் உழைப்போர் நான்கு வகை: உழவர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத்தொழில் செய்வோர், பிறர். வருஷத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் குறுந்தொழிலாளர் என்று தனியே ஒதுக்கப்படுவார். மேலே சொன்ன பெண் இவற்றுள் எந்தக் கட்டத்திற்கு உரியவள்? அவளே, “நான் சும்மா வீட்லதான் இருக்கேன், தையல் கொஞ்சம் தைப்பேன்” என்று சொல்லிவிட்டால், எழுதுபவர் இல்லத்தரசி என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு வட்டாரத்தின் பிரதான தொழில் இவ்வாறு அதன் சொந்த எண்களிலிருந்து நழுவிப்போவதற்குச் சாத்தியம் உண்டு.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாமல் தள்ளிப்போய், 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கு முடியும்வரை தாலுகாவோ மாவட்டமோ எல்லை மாறலாகாது என்று உத்தரவும் பிறந்திருக்கிறது. எனவே தளவாய்புரம் அக்கணக்கிலும் விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் தாலுகாவிலேயே எண்ணப்படும். கணக்கெடுக்க வரும் ஆசிரியர் வாசலில் நின்று தொழிலைக் கேட்கும்போது, உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்; பதில் சொல்வதற்காகப் பெண் சிறிது நேரம் பெடலிலிருந்து காலை எடுப்பாள்.